துண்டுக்குள்ள ஆறு நம்பர்

12 ஏப்ரல் 2025, சனி

ஏனுங்க நோட்டுப் பொஸ்தகமே, நல்லா இருக்கீங்களா? அட்டையில மயில் படம் போட்டுக்கிட்டு ராசிபுரத்துக் கடையில மேல் அடுக்குல சொகமா உக்காந்திருந்தீங்க. இப்ப வெண்ணந்தூருக்கு வந்து ஆட்டுப் புழுக்க வாசத்துல மாட்டிக்கிட்டீங்க. கோவிச்சுக்காதீங்க, பழகிப் போயிரும். எம்பொண்டாட்டி சின்னாயிக்கே பழகிருச்சு. முப்பது வருசம் ஆச்சு, அவ்வளவுதான்.

என்ற பேரு பச்சமுத்து. படிச்சது மூணாவது. அதுலயும் பாதிதான். வாத்தியாரு ஊட்டுச் செம்மறி ஒன்னு காணாமப் போயி, தேடிட்டு வாடான்னு என்னையத்தான் அனுப்புனாரு. ஆடு கெடச்சுது. ஓட்டிக்கிட்டு வந்து அவரு ஊட்டுல கட்டிப்போட்டு அப்படியே பட்டிக்குப் போனவன், பள்ளிக்கொடத்துப் பக்கம் திரும்பல. இன்னைக்குத்தான் மறுபடியும் பெஞ்சுல உக்காந்தேன். அம்பத்தி ஆறு வயசுல.

சூரமங்கலத்துல ஜங்ஷனுக்குப் பக்கமா ஒரு மாடி. அக்சிலியா டீச்சரோட ஆபீஸு. டீச்சருன்னு நாங்கதான் சொல்றோம், வெப்சைட்டு செஞ்சு குடுக்கற புள்ள அது. எனக்கும் மேச்சேரி ஆடு விக்கறதுக்கு ஒன்னு செஞ்சு குடுத்துச்சு. சொந்தமா வெப்சைட்டு வெச்சிருக்கோணும், கம்ப்யூட்டரு தெரிஞ்சிருக்கக் கூடாது, அப்படிப்பட்ட எட்டுப் பேருக்குச் சனிக்கெழமையில வகுப்பு. "படிச்சத அன்னன்னைக்கு எழுதி வையுங்கண்ணா. பாஸ்வேர்டு மட்டும் எழுதிராதீங்க"ன்னுச்சு. அதான் உங்களைய வாங்கியாந்தேன்.

நான் ஏன் வகுப்புக்குப் போனேன்? போன மாசம் தருமபுரிப் பார்ட்டி ஒருத்தரு போன் பண்ணாரு. "ஏங்க, உங்க கடையத் தொறந்தா 'பாதுகாப்பற்றது'ன்னு போடுதே, ஆட்டுக்கு எதாச்சும் சீக்குங்களா?"ன்னாரு. எனக்கு ஒன்னும் புரியல. என்ற ஆடு ஒவ்வொன்னும் செம்பு கெணக்கா நிக்குது. அந்த மனுசன் வாங்குனது ஆருகிட்டத் தெரியுமா? வெள்ளிகிட்ட.

வெள்ளின்னா வெள்ளியங்கிரி. இருவது வருசம் எங்கூடக் கூட்டு யாவாரம். சந்தையில வெலையச் சத்தம் போட்டுச் சொல்ல மாட்டோமுங்க. தோள்ல கெடக்கற துண்ட எடுத்து ரெண்டு பேரு கை மேலயும் போட்டு, அதுக்குள்ள வெரலப் புடிச்சுத்தான் வெல பேசுவோம். எத்தன வெரலப் புடிக்கறமோ அதுதான் கணக்கு. சுத்தி நூறு பேரு நின்னாலும் ஒருத்தனுக்கும் தெரியாது. அவன்ற கையி எனக்கு, என்ற கையி அவனுக்கு, கண்ணு மூடிக்கிட்டாலும் தெரியும்.

ஆறு வருசத்துக்கு முன்னால வெப்சைட்டு ஆரம்பிக்கலாம்னான். சரின்னேன். "வெள்ளியங்கிரி ஆட்டுப்பண்ணை"ன்னு பேரு போட்டுட்டு வந்து காட்டுறான். என்ற பேரு எங்கடான்னா, "எடம் பத்தல பச்சா"ங்கறான். திருச்செங்கோட்டுல லாரிக்குப் பேரெழுதறவன் அப்பன், பாட்டன், பேத்தி, கொலதெய்வம் அத்தனையும் ஒரு பம்பர்ல எழுதறான். இவனுக்கு எடம் பத்தலியாம்! அன்னைக்குப் பிரிஞ்சதுதான். நானும் தனியா ஒரு வெப்சைட்டு போட்டேன். பேச்சு வார்த்த கெடையாது.

இன்னைக்கு மாடியேறிப் போறேன், மொத பெஞ்சுல அவன். புதுக் கண்ணாடி வேற. தங்க பிரேம்.

13 ஏப்ரல், ஞாயிறு

நேத்து ராத்திரி அவன்ற வெப்சைட்டத் தொறந்து பாத்தேன். பேருக்குப் பக்கத்துல பூட்டுப் படம் போடுது. எனக்கு இல்ல. ரா முச்சூடும் அந்தப் பூட்டுத்தான் கண்ணுல நின்னுச்சு.

26 ஏப்ரல், சனி

போன வாரம் டீச்சருக்கு ஈஸ்டர், வகுப்பு இல்ல. இன்னைக்குப் பூட்டப் பத்திச் சொல்லிக் குடுத்துச்சு.

"வாங்கறவங்க உங்க வெப்சைட்டுல பேரு, போன் நம்பரு அடிக்கறாங்க. அது இங்கிருந்து அங்க போற வழியில ஆரு வேணா எட்டிப் பாக்கலாம். பூட்டு இருந்தா மூடித்தான் போகும்"னுச்சு. ஊறுகா விக்கற அம்மாவுக்குப் புரியல. டீச்சரு தபாலுங்குது, கவருங்குது, அப்பறமும் புரியல.

நான் எந்திரிச்சு, "துண்டும்மா அது"ன்னேன். "சந்தையில துண்டு போடற மாதிரி. கையி ரெண்டு பேருக்குத்தான் தெரியும்." எல்லாரும் தலையாட்டுனாங்க. டீச்சரும் "அட, சரியாச் சொன்னீங்கண்ணா"ன்னுச்சு. எனக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு.

உடனே வெள்ளி, திரும்பிக்கூடப் பாக்காம, "ஆனா டீச்சர், துண்டு போட்டவன் நல்லவனா கெட்டவனான்னு பூட்டு சொல்லாதுங்களே?"ங்கறான்.

டீச்சரு கையத் தட்டிருச்சுங்க. "இது ரொம்ப முக்கியமான கேள்வி! திருடனும் பூட்டு வாங்கி மாட்டிக்கலாம். பூட்டு இருக்குதுன்னு மட்டும் நம்பிறாதீங்க." அத போர்டுல வேற எழுதுச்சு. நான் சொன்ன துண்ட எழுதல. அவன் கேட்டத எழுதுச்சு.

அப்பறம் பாஸ்வேர்டு. எனக்கு எல்லாத்துக்கும் ஒன்னுதான். பேங்கு, மெயிலு, வெப்சைட்டு, ஏன், கேஸ் புக்கு பண்ற ஆப்புக்கும் அதேதான். மறந்துருமேன்னு பட்டிச் செவுத்துல சாக்பீஸ்ல எழுதி வெச்சிருக்கேன். இத வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்காமச் சொல்லிப்போட்டேன். டீச்சரோட சேத்து எட்டுப் பேரும் சிரிச்சாங்க. ஏழு பேரு சிரிச்சது எனக்கு வலிக்கல.

சாயந்தரம் என்ற வெப்சைட்டுக்கும் பூட்டு வந்துருச்சு. சின்னாயிகிட்டக் காட்டுனேன். "பூட்டு சரிங்க, கடைக்கு ஆளு வருதா?"ங்கறா.

27 ஏப்ரல், ஞாயிறு

செவுத்துல எழுதுனத அழிச்சேன். அழிச்ச எடம் மட்டும் வெள்ளையாத் தெரியுது.

3 மே, சனி

இன்னைக்கு நடந்தத மெதுவாத்தான் சொல்லோணும். உக்காருங்க.

டீச்சரு ஒவ்வொருத்தரையும் பக்கத்துக் கம்ப்யூட்டருல அவங்கவங்க மெயிலுக்குள்ள போயிப் பாக்கச் சொல்லுச்சு. "புது எடத்துல இருந்து நுழைஞ்சா உங்க போனுக்கு ஆறு நம்பரு வரும். அத அடிச்சாத்தான் கதவு தொறக்கும். பாஸ்வேர்டு திருடு போனாக்கூட, அந்த ஆறு நம்பரு இல்லாம ஒருத்தனும் உள்ள வர முடியாது. அத ஆரு கேட்டாலும் சொல்லக் கூடாது. நானே கேட்டாலும் சொல்லக் கூடாது."

வெள்ளி போயி உக்காந்தான். ஒத்த வெரல்ல அடிச்சான், கோழி பொறுக்கற மாதிரி. அடிச்சு முடிச்சுட்டு அவன்ற போனையே பாத்துக்கிட்டு இருக்கான்.

டிங்னு சத்தம். என்ற சட்டப் பையில.

எடுத்துப் பாத்தா ஆறு நம்பரு. நான் எந்தக் கம்ப்யூட்டரையும் தொடல.

"வரலியே டீச்சர்"ங்கறான் அவன். டீச்சரு அவன்ற கம்ப்யூட்டரப் பாத்து, "நாப்பத்தேழுன்னு முடியற நம்பருக்கு அனுப்பிருக்குதுண்ணா. உங்க நம்பருதானே?"ன்னுச்சு.

நாப்பத்தேழு என்ற நம்பரு.

அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. ஆறு வருசத்துக்கு முன்னால அந்த மெயிலு ஆரம்பிக்கறப்ப அவன்கிட்ட இருந்தது பட்டன் போனு. டச்சு போனு என்கிட்டத்தான் இருந்துச்சு. என்ற நம்பரத்தான் குடுத்தோம். பிரிஞ்சப்ப ஆடு பிரிச்சோம், பட்டி பிரிச்சோம், தண்ணித் தொட்டியக்கூடப் பிரிச்சோம். இதப் பிரிக்கல.

வெள்ளி கண்ணாடிய மேல தூக்கி அந்த நாப்பத்தேழ ஒரு நிமிசம் பாத்தான். "ஆமா டீச்சர், சரியான நம்பருதான். டவரு இல்ல போல. ஊட்டுல போயிப் பண்ணிக்கறேன்"னு எந்திரிச்சுட்டான்.

மடையன்! தன்ற நம்பரு எதுன்னே தெரியல. இவனுக்குத் தங்க பிரேமு!

போன பைக்குள்ள போட்டுட்டேன். டவுன் பஸ்ஸுல வரவர, பையில ஒரு கெடாக்குட்டி உக்காந்திருக்கற மாதிரி இருந்துச்சு.

4 மே, ஞாயிறு

சின்னாயிகிட்டச் சொன்னேன். சாமி கும்புட்டுக்கிட்டு இருந்தவ திரும்பிப் பாத்தா.

"அவிங்க ஊட்டுச் சாவி நம்ம ஊட்டு வாசல்ல கெடக்குதுங்கறீங்க?"

"ஆமா."

"கொண்டு போயிக் குடுத்துட்டு வாங்க."

"நானா போட்டேன்? அவனே வந்து எடுத்துக்கட்டும்."

"ஏனுங்க, நீங்க சாவிய வெச்சுக்கிட்டு இருக்கறதப் பாத்தா குடுக்கற ஆளாத் தெரியலீங்க"ன்னுட்டு மணிய ஆட்டுனா. சாமிக்கு ஆட்டுனாளா எனக்கு ஆட்டுனாளான்னு தெரியல.

6 மே, செவ்வாய்

சந்தை. பக்ரீத்துக்கு ஒரு மாசந்தான். வருசம் பூரா ஆடு மேச்சாலும் இந்த ஒரு மாச யாவாரத்துலதான் எங்க பொழப்பே நிக்குது.

வெள்ளியச் சுத்திப் பெங்களூருக்காரங்க. கார் போட்டு வந்திருக்கறாங்க. வெப்சைட்டுல பாத்தோம், மெயிலு போட்டோம்ங்கறாங்க. கெடாய்ங்கள ஷாம்பு போட்டுக் கழுவிருக்கறான். வாசம் இங்க வரைக்கும் அடிக்குது. கழுத்துல புது மணி. ஒவ்வொரு கெடாயும் மாப்பிள்ள மாதிரி நிக்குது.

என்ற கெடாய்ங்க ஆடு மாதிரி நிக்குது.

பொய் சொல்லலீங்க, அவன்ற கெடா என்ற கெடாய விட ஒசத்தி இல்ல. தொட்டுப் பாக்கறவனுக்குத் தெரியும். போட்டோவுல பாக்கறவனுக்கு என்ன தெரியும்? எல்லாம் அந்த மெயிலுக்குள்ள வருது. அந்த மெயிலு கதவு என்ற பையில இருக்குது.

எழுதி முடிச்சுட்டுப் படிச்சுப் பாத்தேன். கடைசி வரிய அடிச்சுரலாமான்னு இருந்துச்சு. கெடக்கட்டும்.

8 மே, வியாழன்

பொய் எழுத மாட்டேன்.

மத்தியானம் பட்டியில உக்காந்து அவன்ற மெயிலு பேர அடிச்சேன். 'பாஸ்வேர்டு மறந்துட்டீங்களா?'ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். டிங். ஆறு நம்பரு வந்துச்சு.

ஒன்னொன்னா அடிச்சேன். ஒன்னு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு.

உள்ள போயி என்ன பண்ணிருப்பேன்? பெங்களூருக்காரங்க நம்பர எடுத்திருப்பனா? பாஸ்வேர்ட மாத்தி அவன வெளிய நிறுத்தி வேடிக்க பாத்திருப்பனா? தெரியல. சும்மா எட்டிப் பாக்கத்தான்னு மனசு சொல்லுச்சு.

அப்பப் பாத்து மூலையில ஒரு ஆடு கத்துச்சு. ஈன நிக்கற ஆடு. போனக் கீழ வெச்சுட்டு ஓடுனேன். ரெட்டக் குட்டி. கழுவித் தொடச்சு, பால் குடிக்க வெச்சுட்டு வந்து பாக்கறேன், நேரம் முடிஞ்சுருச்சு, மறுபடியும் முயற்சி பண்ணுங்கன்னு போட்டிருக்குது.

பண்ணல.

நல்லவன்னு நெனச்சுக்காதீங்க. ஆடு கத்துச்சு, அவ்வளவுதான்.

10 மே, சனி

கடைசி வகுப்பு. வெள்ளி வரல. பெங்களூருக்கு லோடு பேசப் போயிட்டானாம். பெரிய மனுசன்.

இன்னைக்குப் போலி மெயிலு. டீச்சரு ஒரு மெயிலக் காட்டுச்சு. 'உங்க வெப்சைட்டு பூட்டு நாளைக்கு முடியுது, இத அமுக்கிப் புதுப்பிச்சுக்குங்க'ன்னு இருந்துச்சு. கம்பெனிப் படம், கையெழுத்து, எல்லாம் ஜோரு. "எங்க தப்பு, சொல்லுங்க"ன்னுச்சு. ஒருத்தருக்கும் தெரியல.

அனுப்புன பேர எழுத்து எழுத்தாப் பாக்கச் சொல்லுச்சு. கம்பெனி பேருல நடுவால ஒரு எழுத்து கூட இருந்துச்சு. எட்டி நின்னு பாத்தா ஒன்னும் தெரியாது. நான்தான் மொதல்ல கண்டுபுடிச்சேன். கெடாய்க்குப் பல்லப் புடிச்சு வயசு பாக்கறவனுக்கு இது என்ன. "அமுக்கறதுக்கு முன்னால பல்லப் புடிச்சுப் பாருங்க"ன்னேன். இந்தத் தடவ போர்டுல எழுதுச்சு! 'பல்லைப் பார்'னு. வெள்ளி இல்லாமப் போயிட்டான், பாக்கறதுக்கு.

கெளம்பறப்ப டீச்சரு, "பச்சமுத்தண்ணா, வெள்ளியங்கிரியண்ணன் உங்க ஊருதானே? இது மட்டும் அவருகிட்டச் சொல்லிருங்க. இப்ப பக்ரீத்து நோம்பிச் சீசன், இந்த மெயிலு நெறையா வருது"ன்னுச்சு.

"சொல்றம்மா"ன்னேன்.

19 மே, திங்கள்

சொல்லல.

20 மே, செவ்வாய்

சந்தையில எதுக்கால வந்தான். வாயெடுத்தேன். அவன் கழுத்துல புதுத் துண்டு, பட்டுக் கரை. வாய மூடிக்கிட்டேன்.

27 மே, செவ்வாய்

எழுத்து கோணலா வந்தாப் பொறுத்துக்கங்க.

காத்தால பத்து மணி. சந்தைக்கு ஆட்ட எறக்கிக்கிட்டு இருக்கேன். டிங். ஆறு நம்பரு. நான் ஒன்னும் பண்ணல. மறுபடியும் டிங். அப்பறம் ஒரு போன். தெரியாத நம்பரு.

"வெள்ளியங்கிரி சாருங்களா?" நல்ல தமிழு, தேனாட்டம் கொரலு. "உங்க வெப்சைட் பூட்டு விசயமா மெயிலு அனுப்பிருந்தோம், நீங்களும் பாஸ்வேர்டு, போன் நம்பரு எல்லாம் குடுத்திருந்தீங்க. நன்றிங்க சார். இப்ப உங்களுக்கு ஆறு நம்பரு வந்திருக்கும். அத மட்டும் சொல்லிட்டீங்கன்னா வேல முடிஞ்சுது."

புரிஞ்சுருச்சு. வெள்ளி அமுக்கிட்டான். டீச்சரு காட்டுன அதே மெயிலு. நான் சொல்லாம வுட்ட அதே மெயிலு. அவன்கிட்டப் போன் நம்பரு கேட்டிருக்கறானுங்க, அவனும் மெயிலுல இருக்கற நம்பரையே, என்ற நம்பரையே, குடுத்திருக்கறான்.

பக்ரீத்துக்குப் பத்து நாளு. அந்த மெயிலுக்குள்ளதான் அவன்ற யாவாரம் பூராவும். வாங்கறவங்க பேரு, நம்பரு, எப்ப லாரி, எங்க எறக்கோணும். திருடன் உள்ள போனா அவன் பேரச் சொல்லி அத்தன பேருகிட்டயும் அட்வான்சு கேப்பான். அப்பறம் இந்த ஜென்மத்துல ஒருத்தனும் வெள்ளிகிட்ட ஆடு வாங்க மாட்டான்.

நான் பண்ண வேண்டியது ஒன்னே ஒன்னு. ஆறு நம்பரப் படிக்கோணும். ஆருக்கும் தெரியாது. என்ற கையில ஒரு கறை இருக்காது.

எதுக்கால, நாப்பது தப்படி தள்ளி, வெள்ளி நிக்கறான். ஷாம்பு போட்ட கெடாய்ங்களுக்கு நடுவால. பெங்களூருக்காரரு அவன் தோள்ல கை போட்டுக்கிட்டுச் சிரிக்கறாரு. அந்தத் தோளு எனக்குத் தெரிஞ்ச தோளு. மத்தியானத்துல ஒரே மரத்தடியில அதுல தலை வெச்சுத் தூங்கிருக்கேன்.

"சார்? லைன்ல இருக்கீங்களா? நேரம் முடியப் போகுது சார்."

"இங்க பாருங்க தம்பி"ன்னேன். "எங்க பக்கத்துல நம்பர வாயில சொல்ற பழக்கமில்ல. சந்தைக்கு வாங்க. துண்டுக்குள்ள கைய வுடுங்க. சொல்றேன்."

தேன் கொரலு ஒரு கெட்ட வார்த்த பேசிட்டு வெச்சுருச்சு.

இனி வெள்ளிகிட்டச் சொல்லோணும். பெங்களூருக்காரரு பக்கத்துலயே நிக்கறாரு. அங்க போயி "உன்ற மெயிலுல திருடன் கை வெச்சுட்டான்"னு வாயத் தொறந்தா, கேட்டவுங்க அப்படியே காருல ஏறிப் போயிருவாங்க. காப்பாத்தப் போயிக் கவுத்துப்போட்ட மாதிரி ஆயிரும்.

நேராப் போனேன். அவன் பாத்தான். மொகம் இறுகிருச்சு. நான் தோள்ல இருந்து துண்ட எடுத்தேன். என்ற பழைய துண்டு. அவன் கையப் புடிச்சு மேல போட்டேன்.

சுத்தி நின்னவங்க பேச்சு நின்னுருச்சு. ஆறு வருசமா பேசாத ரெண்டு பேரு வெல பேசறாங்கன்னா?

துண்டுக்கு நம்பரு மட்டுந்தான் தெரியுமுங்க. வேற பேச்சுத் தெரியாது. நான் அவன்ற நாலு வெரலச் சேத்துப் புடிச்சு அமுக்கினேன். வுட்டேன். அஞ்சையும் புடிச்சேன். வுடாம ரெண்டு. நாலு, ஏழு. அவன் புருவத்தத் தூக்குனான். மறுபடியும். நாலு. ஏழு. அப்பறம் அவன் வெரல ஒன்னு, ரெண்டு, மூணுன்னு ஆறு வரைக்கும் எண்ணி இறுக்கிப் புடிச்சேன், வலிக்கற மாதிரி.

அவன் கை சில்லுன்னு ஆயிருச்சு.

புரிஞ்சுக்கிட்டான். ஆனா மொகத்துல ஒன்னுமே இல்லீங்க! அதுதான் யாவாரி. சத்தமா, "கட்டாதுப்பா பச்சா, கட்டவே கட்டாது. அக்கட்டால வா, பேசிக்கலாம்"னான். பெங்களூருக்காரரப் பாத்து, "ஒரு நிமிசமுங்க, பழைய ஆளு, வெல ஏத்தறான்"னு சிரிச்சான். அங்கமுத்து, சந்தை சுங்கம் வசூல் பண்றவன், "எத்தனைக்கு முடிஞ்சுது?"ன்னு பின்னாலயே வந்தான். "போடா அந்தப் பக்கம்"னு ரெண்டு பேரும் ஒரே சத்தத்துல சொன்னோம்.

லாரி மறவுல நின்னு டீச்சருக்குப் போன் போட்டோம். அது சொல்லச் சொல்ல இவன் ஒத்த வெரல்ல அடிச்சான். பாஸ்வேர்ட மாத்துனான். எல்லா எடத்துல இருந்தும் வெளியேத்துனான். நடுவால ஆறு நம்பரு என்ற போனுக்கு வந்துச்சு. போன அவன் கண்ணு முன்னாடி நீட்டுனேன். வாயில சொல்லல.

"ஒருத்தனும் உள்ள போகல. தப்பிச்சீங்கண்ணா"ன்னுச்சு டீச்சரு.

வெள்ளி லாரி டயருக்கிட்டக் குத்தவெச்சு உக்காந்துட்டான். கண்ணாடியக் கழட்டித் தொடச்சான். பட்டுத் துண்டுல இல்ல. என்ற துண்டுல.

28 மே, புதன்

வெள்ளி ஊட்டுக்கு வந்தான். ஆறு வருசத்துக்கு அப்பறம். "ஏனம்மிணி, நல்லா இருக்கறயா?"ன்னான். சின்னாயி ஒன்னும் நடக்காத மாதிரி மோரு கலக்கப் போயிட்டா. இவன் பட்டியச் சுத்திப் பாத்து, "செவுத்துல இந்த எடம் மட்டும் வெள்ளையா இருக்குதே, இங்கதான் எழுதி வெச்சிருந்தியா?"ன்னான். சிரிச்சோம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "ஏன் வெள்ளி, உன்ற நம்பரு எதுன்னு உனக்கே தெரியாதா? வகுப்புல டீச்சரு கேட்டப்ப நாப்பத்தேழு சரின்னயே?"ன்னேன்.

"எனக்குத் தெரியாதா? அது உன்ற நம்பருன்னு அப்பவே தெரியும். உன்ற பையில டிங்குனதும் கேட்டுச்சு."

"பின்ன ஏன் எடுக்கல?"

"ஆட்டப் பிரிச்சோம், பட்டியப் பிரிச்சோம். அதையும் எடுத்துப்போட்டா உனக்கும் எனக்கும் நடுவால என்னய்யா மிச்சம்?" மண்ணக் கிளறிக்கிட்டே சொன்னான். "துண்டுக்குள்ள உன்ற கையி ஒருக்காகூட என்னைய ஏமாத்துனதில்ல."

அப்படியே வுட்டிருக்கலாம். வுடல. "ஒரு நா அஞ்சு நம்பரு அடிச்சேன்"னேன்.

"ஆறாவது?"

"அடிக்கல."

"ஏன்?"

"ஆடு கத்துச்சு."

அவன் வாயோரம் சிரிப்பு வர மாதிரி இருந்துச்சு. அப்ப இன்னொன்னையும் சொல்லிப்போட்டேன். டீச்சரு அந்த மெயிலப் பத்தி அவன்கிட்டச் சொல்லச் சொன்னத. பதினேழு நாளு நான் வாய மூடிக்கிட்டு இருந்தத.

சிரிப்பு போயிருச்சு. எந்திரிச்சான். "கத்தறதுக்கு அப்ப ஒரு ஆடு இல்லியா?"ன்னான். துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டான்.

சின்னாயி மோர எடுத்துக்கிட்டு வந்து நின்னா. ரெண்டு டம்ளரு.

30 மே, வெள்ளி

போனு சத்தம் போடல. நம்பர எடுத்திருப்பான். எடுக்கத்தான் வேணும். டீச்சருகூட அதான் சொல்லும்.

1 ஜூன், ஞாயிறு

டிங்னுச்சு. ஓடிப் போயி எடுத்தேன். ரீசார்ஜ் முடியுதாம்.

3 ஜூன், செவ்வாய்

சந்தை. எதுக்காலதான் நின்னான். பாக்கல. பெங்களூருக்காரரு இன்னும் ரெண்டு பேரக் கூட்டியாந்திருந்தாரு. அத்தன கெடாயும் வித்துப் போச்சு அவனுக்கு. எனக்குப் பாதி நிக்குது. வயிறு எரியுது. இந்த எரிச்சலு அவன் மேலயா, எம்மேலயான்னு பிரிச்சுப் பாக்கத் தெரியல.

6 ஜூன், வெள்ளி

நாளைக்குப் பக்ரீத்து. மிச்சக் கெடாய்ங்களத் தண்ணி காட்டிட்டு உக்காந்திருக்கேன். ஒன்னு சொல்றேன் நோட்டுப் பொஸ்தகமே, பொறாம போயிருச்சான்னு கேட்டீங்கன்னா, போகல. காத்தாலகூட அவன்ற வெப்சைட்டத் தொறந்து பாத்தேன். கெடாய்க்கு மால போட்டுப் போட்டோ எடுத்திருக்கறான், பாவி. நல்லாத்தான் இருக்குது. மேல பேரு போட்ட எடத்துல என்னமோ வித்தியாசமாத் தெரிஞ்சுச்சு. கண்ணாடி இல்லாமச் சரியாப் பாக்க முடியல. எழுத்து நெருக்கி நெருக்கி இருந்துச்சு, ஒரு பேருக்கு இருக்கற எடத்துல ரெண்டு பேர அடச்ச மாதிரி. சின்னாயியக் கூப்ட்டுப் படிக்கச் சொல்லலாம்னு பாத்தா அவ

டிங்.

பாத்துட்டேன். ஆறு நம்பரு. நான் ஒன்னும் பண்ணல.

எடுக்கல! அவன் நம்பர எடுக்கல!

இல்ல, இருங்க. திருடனா இருந்தா? போன் வந்தாச் சொல்ல மாட்டேன். அவனே போன் பண்ணாலும் சொல்ல மாட்டேன், டீச்சரே கேட்டாலும் சொல்ல மாட்டேன். போன் வரல. வாசல்ல லாரி நிக்கற சத்தம். ஆரோ சின்னாயிகிட்ட, "ஏனம்மிணி, அன்னைக்கு வெச்ச மோரு இன்னும் இருக்குதா?"ங்கறாங்க.

"யோவ் பச்சா! பெங்களூருக்காரரு இன்னும் இருவது கெடா கேக்கறாரு, என்கிட்ட ஒன்னுமில்ல. உன்றத ஏத்து! மெயிலு தொறக்க மாட்டீங்குது, கையக் குடு! துண்ட எடுத்துக்கிட்டு வாய்யா!"

இருடா, வாரேன், இந்த ஒரு வரிய முடிச்சுப்போட்டு வாரேன். ஆறு நம்பரும் பாத்துட்டேன், உங்ககிட்டக்கூட எழுத மாட்டேன் நோட்டுப் பொஸ்தகமே, கோவிச்சுக்காதீங்க, அது துண்டுக்குள்ள அவன் வெரலப் புடிச்சு